ஜப்பான்காரர் சொல்லாமல் விட்ட வரி

ஜெர்மனியில், எசன் நகரில் தமிழ்ச் சாமான் விற்ற முதல் கடையைத் திறந்தவன் நான். கடை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது ஒரு பழைய வானின் பின்கதவு. பனங்கிழங்கு ஒடியல் மாவும் முருங்கைக்காயும் கருவாடும் அதற்குள் இருந்தன. மணத்தைப் பற்றி முறைப்பாடு வந்து பொலிஸ் வந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. நான் குடியிருக்கிற ஹம் நகரில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைத் தொடங்கியதும் நான். ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடம் குப்பைக்கு வைத்த கரும்பலகையை முதுகில் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறினேன், சாரதி பலகைக்கும் ரிக்கற் கேட்டான். மடித்து வானில் ஏற்றக்கூடிய மணவறையை இந்தப் பக்கத்தில் முதலில் செய்தது நான்தான், தச்சுவேலை ஒருவரிடமும் பழகாமல். கோயிலுக்கு முதல் கொட்டகை போட்டபோது அது காற்றுக்கு நிற்காது என்று படித்த ஒருவர் சொன்னார். நின்றது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜெர்மன் பாஷையைக் கோப்பை கழுவுகிற இடத்தில் பிடித்தேன். அதனால் எனக்கு இன்றைக்கும் திட்டு வார்த்தைகள்தான் இலக்கணத்தோடு வரும்.

இப்போது கடை வேறு ஒருவருடையது, பெயர்ப்பலகையில் வெளிச்சம் ஓடுகிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரில் 'சில நலன்விரும்பிகளின் முயற்சியால்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 'சில' என்ற சொல்லுக்குள் நான் குந்திக்கொண்டிருக்கிறேன். மணவறையை எல்லோரும் செய்கிறார்கள், பிளாஸ்ரிக் யானைகளோடு. கோயிலில் வரிசையில் நின்று அர்ச்சனைத் துண்டு எடுக்கிறேன், துண்டு தருகிற பெடியன் என்னிடம் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறான். ஒன்றுக்கும் நான் வாய் திறக்கவில்லை. களைப்பு. முழங்கால் போய், ஒரு கண்ணில் பாதி போய், இந்த வயதில் ஒருவனிடம் ஒரு சண்டைக்குத்தான் பெலன் மிஞ்சியிருக்கும். எனக்கு மிஞ்சிய அந்த ஒரு சண்டை ஒரு ஜப்பான்காரரின் படத்தைப் பற்றியது.

அவர் இறந்து கன காலம். உலகம் முழுக்கத் தெரிந்த இயக்குநர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் பெயர் இல்லாத ஒரு நிகழ்ச்சித் தாளில், அதைப் பிறகு சொல்கிறேன், அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, அது போதும்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் கூட்டுகிற ஒரு தும்புத்தடியால் வந்தது. எசனில் ஒரு சின்னத் திரையரங்கில் நான் பல வருஷம் துப்புரவு வேலை செய்தேன். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் சோளப்பொரியையும் போத்தல்களையும் கூட்டி எடுக்க வேண்டும், நேரம் மிகக் குறைவு. அதனால் படம் முடிவதற்கு முன்னரே உள்ளே போய்க் கதவோரம் தடியோடு நிற்பேன். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலைக் காட்சிக்கு இந்த ஜப்பான்காரரின் பழைய படங்களைப் போடுவார்கள். இப்படி வருஷக்கணக்காக நான் அவருடைய படங்களின் கடைசிப் பத்து நிமிஷங்களை மட்டும் பார்த்தேன்.

அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் முடிந்தன. ஒரு வீட்டில் ஒருவர் தனிய இருப்பார். அழமாட்டார். பேசமாட்டார். பிறகு ஆளில்லாத ஒரு அறை, கொடியில் துணி, அடுப்பில் ஒரு கேத்தில். எங்கேயோ ரயில் போகிற சத்தம். அவ்வளவுதான். விளக்குகள் எரியும், ஜெர்மன்காரர்கள் மூக்கைச் சீறிக்கொண்டு வெளியே போவார்கள், நான் கூட்டத் தொடங்குவேன். கூட்டும்போது அந்த ஆள் எப்படித் தனித்துப்போனார் என்று முன்கதையை நானே செய்வேன். அடுத்த வாரம் அடுத்த முடிவு, அடுத்த முன்கதை.

படம் ஓட்டுகிற ஜெர்மன் கிழவர் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிறு என்னை மேலே தன் அறைக்குக் கூப்பிட்டு, சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, ஒரு படத்தை முதலிலிருந்து பார்க்க வைத்தார். நான் செய்துவைத்த முன்கதைக்கும் உண்மைக் கதைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செத்துவிட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்த ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். கமராவை ஏன் இவ்வளவு தாழ்வாக, தரையோடு வைத்திருக்கிறார் என்று கிழவரைக் கேட்டேன். அதைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள் என்றார் அவர். எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. "வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கீழே பாயில் இருந்துவிட்டார், அதுதான்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கிழவர் சிரித்தார். அடுத்த மாதம் படத்துக்கு முன்னால் சபைக்கு அவர் அதே வசனத்தைச் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. அதையும் விட்டுவிட்டேன்.

வேலையை விட்டு, ஹம்மில் வயதுபோனவர்களுக்காக ஞாயிறு பின்னேரத்தில் ஒரு ஒன்றுகூடலைத் தொடங்கினேன். இதையும் நான்தான் தொடங்கினேன். தேவாலயத்தின் கூட்ட அறையை மாதம் ஒரு தடவை கேட்டு வாங்கினேன், வடையும் தேத்தண்ணியும் என் மனைவியின் பொறுப்பு. முதலில் தமிழ்ப் படங்கள் போட்டோம். அது சரிவரவில்லை. பாதிப்பேருக்குச் சாமிப் படம் வேண்டும், மற்றப் பாதிக்குச் சாமி இல்லாத படம் வேண்டும். சண்டைக் காட்சி வந்தால் காதுக்குள் வைத்திருக்கிற மெஷின்கள் எல்லாம் ஒன்றாகக் கூவும். ஒரு நாள் சலித்துப்போய், என்னிடமிருந்த ஜப்பான்காரரின் படத் தட்டு ஒன்றைக் கொண்டுபோனேன்.

முன்வரிசையில் எப்போதும் தபாற்கந்தோர் அண்ணை இருப்பார். ஊரில் தபால் அதிபராக இருந்தவர், இங்கிலிஷும் கொஞ்சம் ஜெர்மனும் வாசிப்பார், அதை நாங்கள் மறக்க விடமாட்டார்.

"என்ன, சீனப் படமோ?"

"ஜப்பான், அண்ணை."

"அடிபாடு இருக்கோ?"

"இல்லை."

"பாட்டு?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்ன கோதாரிக்குப் போடுறீர்?"

படத்தில் ஜப்பான் பேச்சு, கீழே ஜெர்மன் எழுத்து. எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அங்கே இருந்த ஒருவராலும் வாசிக்க ஏலாது. என்னாலும் ஏலாது, பாதியைப் பிடிப்பேன். நான் எழும்பித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல் கொடுத்து.

தாயில்லாத வீடு, தகப்பன், இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் கட்டிக்கொண்டு பட்டணம் போய்விட்டாள். இளையவள் தகப்பனோடு இருக்கிறாள். அத்தைக்காரி சம்பந்தம் பேசிக்கொண்டு வருகிறாள். பட்டணத்தின் பெயர் கீழே எழுத்தில் தோக்கியோ. நான் அதைக் கொழும்பு ஆக்கினேன். அத்தை மாப்பிள்ளையின் படத்தைக் காட்டியபோது அவனுக்கு என்ன வேலை என்று எழுத்து ஓடி மறைந்துவிட்டது. தொப்பி போட்டிருந்தான். "பெடியன் ரயில்வேயிலை" என்று சொன்னேன். சபை தலையாட்டியது.

சப்பாத்தை வாசலில் கழற்றுகிறார்கள், கீழே இருந்து சோறு சாப்பிடுகிறார்கள், ஒருவருக்கொருவர் குனிந்து மரியாதை சொல்கிறார்கள், மனதில் இருப்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். பத்து நிமிஷத்துக்குள் எங்கள் சனம் அந்த வீட்டுக்குள் குடியேறிவிட்டது. இரண்டாம் வரிசையில் ஊன்றுகோல் வைத்திருக்கிற ஒரு அக்கா இருப்பார். மூன்று ஆண்பிள்ளைகளும் மூன்று நாட்டில், அவர் ஹம்மில் தனிய ஒரு சின்ன வீட்டில். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"உந்தப் பெட்டை ஏனாம் மாட்டன் எண்டுறாள்?"

"தகப்பனை ஆர் பாக்கிறது எண்டு யோசிக்கிறாள், அக்கா."

"தகப்பனுக்குக் கை கால் இல்லையோ? சோறு போட்டுத் தின்னட்டும்."

தபாற்கந்தோர் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சை, கீழை 'நன்றி' எண்டு ஒரு சொல்லுத்தான் கிடக்கு. நீர் ஒரு பந்தி சொல்லுறீர்."

"நன்றி எண்டு அவர் சொல்லுறார், அண்ணை. ஏன் சொல்லுறார் எண்டு நான் சொல்லுறன்."

அதற்குப் பிறகு அவர் எழுத்தை வாசிப்பதை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

ஆளில்லாத அறை இந்த ஜப்பான்காரரின் படங்களில் முடிவில் மட்டும் அல்ல, இடைக்கிடையும் வரும். இளையவள் ஒருபடி ஓம் என்று சொல்லி, கலியாணத்தன்று அப்படி ஒரு காட்சி வந்தது. வெறும் வீடு, சுவரில் ஒரு கண்ணாடி, ஒருவரும் இல்லை. படம் பழுதாகிவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் குளிர்ச் சட்டையைத் தேடத் தொடங்கினார்கள். "பழுதாகேல்லை, இருங்கோ. எல்லாரும் கலியாணத்துக்குப் போட்டினம். வீடு காவல் இருக்கு" என்றேன். திரும்பி இருந்தார்கள். இதை எந்த மொழியிலும் அந்தப் படத்தில் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லியிருக்காவிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கடைசியில் மகளை அனுப்பிவிட்டுத் தகப்பன் திரும்பி வருகிறார். உடுப்பு மாற்றவில்லை. அப்படியே கீழே இருக்கிறார். பேச்சு இல்லை, கீழே எழுத்தும் இல்லை. எனக்குச் சொல்லக் கதையும் இல்லை. அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் நான் தடியோடு நின்று பார்த்துப் பார்த்து எனக்குள் ஊறிய இடம். கதவில் அறையைப் பூட்டுகிற ஜெர்மன்காரர் திறப்புக் கோர்வையோடு வந்து நின்றுவிட்டார். சனம் அசையவில்லை. அப்போதுதான் அந்தத் தகப்பனின் குரலில் என் வாயில் வந்தது:

"சரி. விளக்கை நூப்பம்."

அணைப்போம் என்பதை எங்கள் பக்கத்தில் நூப்பம் என்போம். படத்தில் விளக்கும் தெளிவாகத் தெரியவில்லை. தகப்பன் அணைத்தாரோ என்னவோ, படம் முடிந்துவிட்டது. ஊன்றுகோல் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. பேசாமல் நூத்துப்போட்டுப் படுக்கிறன். சொல்ல ஆளில்லை."

அடுத்த மாதம் வந்தபோது அவரே தொடங்கினார். "இப்ப சொல்லித்தான் நூக்கிறன். வெறும் வீட்டுக்குச் சொல்லுறன். பைத்தியம் எண்டு நினையாதையுங்கோ." ஒருவரும் நினைக்கவில்லை. அதற்குள் மற்றவர்களும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தொலைபேசியை வைக்கும்போது சொன்னார்கள். கோயில் நிர்வாகக் கூட்டம் இழுபட்டால் பின்வரிசையில் யாராவது சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கால் வெட்டப்போகிற ஒருவர் மயக்க மருந்து கொடுக்க வந்த தாதிக்குத் தமிழில் சொன்னாராம். அதே படத்தை வருஷத்தில் ஓரிரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்கள். கடைசி இடம் வந்ததும் நான் சொல்ல முன்னர் அவர்கள் சொன்னார்கள். ஒரு ஜப்பான்காரர், தன் ஊரைவிட்டு எங்கேயும் பெரிதாகப் போகாத மனிதர் என்று கிழவர் சொல்லியிருக்கிறார், ஹம்மில் தனிய இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து மனுசிக்குப் படுக்கப்போகும் முன் சொல்ல ஒரு வார்த்தை கொடுத்தார். கொடுத்தது அவர், கொண்டுவந்து சேர்த்தது நான்.

என் மனைவிக்கு இதில் வேறு கணக்கு. முதல் நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் கேட்டாள்.

"உது நான் சொன்னதெல்லோ?"

"எது?"

"எங்கட மகளின்ரை கலியாணம் முடிஞ்சு, மிச்சச் சாப்பாட்டுப் பெட்டியளோடை வந்து நீங்கள் கோட்டும் கழட்டாமல் சோபாவிலை இருந்தனீங்கள். நான்தான் சொன்னனான், சரி, விளக்கை நூப்பம் எண்டு. மறந்துபோட்டியளோ?"

"நீ சொன்னது வீட்டுக்குள்ளை. நான் சொன்னது சபையிலை."

"ஓம், ஓம். சபையிலை சொன்னால் எல்லாம் உங்கட தானே."

அந்தப் பேச்சு அன்றைக்கு அதோடு நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னர் தபாற்கந்தோர் அண்ணையின் கடைசி மகள் ஒன்றுகூடலுக்கு வந்தாள். ஹம்மில் பிறந்து வளர்ந்தவள், பிராங்பேர்ட்டில் படித்து அங்கேயே சினிமா விழாக்கள் ஒழுங்கு செய்கிற வேலையில் இருக்கிறாள். கெட்டிக்காரி, மரியாதையான பிள்ளை, இதை நான் யாருக்காகவும் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்றைக்கு நான் கதை சொல்வதைச் சுவரோரம் நின்று தொலைபேசியில் பதிந்தாள். முடிந்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மாமா, இதை நாங்கள் ஒரு புறொயெக்ற்றாச் செய்யவேணும். இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை, பிள்ளை."

அவள் மனுப்போட்டு, ரெர்மின் என்று ஜெர்மன்காரர் சொல்கிற சந்திப்பு நேரம் எடுத்து, யார் யாரையோ சந்தித்து, காரியத்தை முடித்துவிட்டாள். ஜெர்மன்காரரும் தமிழரும் ஒன்றாக இருந்து பார்க்கிற காட்சி, திரையில் படம், பக்கத்தில் நின்று தமிழில் உயிர்க்குரல். இடம் எது என்று சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். எசனில் நான் கூட்டிய அதே திரையரங்கு. நான் கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன். தடிமன் சளி பிடிக்காமல் இருக்கக் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், குரலுக்காக.

பிறகு நிகழ்ச்சித் தாள் தபாலில் வந்தது. இயக்குநரின் பெயர் மேலே. தமிழாக்கமும் வாசிப்பும் அவளுடைய பெயரில். ஒத்துழைப்பு, ஹம் தமிழ் முதியோர். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். பஸ் வழி போட்டிருந்தது.

தொலைபேசி எடுத்தேன். "பிள்ளை, அண்டைக்கு நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"நீங்கள் நிக்கத் தேவையில்லை, மாமா. முன்வரிசையிலை வசதியா இருங்கோ. நான் முழுக்க வடிவா மொழிபெயர்த்திட்டன். ஜப்பான் மொழி தெரிஞ்ச ஒராளும் பாத்துத் தந்தவர்."

"ஓ. பாத்துத் தந்தவரோ."

"ஓம் மாமா. ஒரு பிழையும் வராது."

ஹம்மிலிருந்து வாடகை பஸ் பிடித்துப் போனோம், சக்கர நாற்காலிகளும் வடைப் பெட்டியுமாக. திரையரங்கில் கதிரைகள் மாறியிருந்தன. கதவு அதே கதவு. எங்கள் சனம் முன்னால் மூன்று வரிசையை நிறைத்தது. அவள் கறுப்பு உடுப்போடு திரையின் இடப்பக்கம் நின்று, சின்ன வெளிச்சத்தில் தாளைப் பார்த்து வாசித்தாள். நல்ல தமிழ், நல்ல குரல், குற்றம் சொல்ல ஏலாது. படத்தில் ஒரு சொல் என்றால் அவளும் ஒரு சொல்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசைகளில் முணுமுணுப்புத் தொடங்கியது. ஊன்றுகோல் அக்கா எனக்குப் பின்னால் இருந்தார்.

"தோக்கியோ எண்டுறாள். கொழும்பெல்லோ?"

"பேசாமல் இருங்கோ, அக்கா."

"பெடியன் மருந்துக் கொம்பனியிலை எண்டுறாள். ரயில்வே எல்லோ? ஆளை மாத்திப்போட்டினமோ?"

தபாற்கந்தோர் அண்ணை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி உஸ் உஸ் என்றார். தன் பிள்ளை மேடையில் நிற்கிறாள், பெருமை; ஆனால் வெறும் வீடு வந்த இடத்தில் அவள் சும்மா நின்றபோது, 'வீடு காவல் இருக்கு' என்று மெல்லச் சொன்னது அவர்தான். நான் பக்கத்தில் இருந்தேன், கேட்டேன்.

கடைசி இடம் வந்தது. தகப்பன் கீழே இருக்கிறார். அவளுடைய தாளில் ஒன்றும் இல்லை, அவள் தலையைக் குனிந்து நின்றாள். அது சரிதான், அந்த இடத்தில் ஜப்பான்காரரும் ஒன்றும் எழுதவில்லை. நான் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தேன். நான் சொல்லவில்லை. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், நான் சொல்லவில்லை. இருட்டுக்குள் எங்கள் மூன்று வரிசையும் ஒரே குரலில் சொன்னது:

"சரி. விளக்கை நூப்பம்."

ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படம் முடிந்தது. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மெல்லத் தட்டினார்கள். கதவோரம் ஒரு பெண் தூசி உறிஞ்சும் மெஷினோடு காத்துக்கொண்டு நின்றாள். அவளை எனக்குத் தெரியாது. எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி நேரத்தில் வயதான ஒரு ஜெர்மன் பெண்மணி எழுந்து, கடைசியில் அந்த மக்கள் சொன்னது என்ன என்று கேட்டார். பிள்ளை அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். பிறகு சொன்னாள், இது படத்தில் இல்லை, எங்கள் மூத்தவர்களிடையே வழங்கி வருகிற ஒரு வாய்மொழி மரபு என்று. சபை 'ஓ' என்றது. அப்போதுதான் பெரிய கைதட்டல் வந்தது, படத்துக்கு வந்ததைவிடப் பெரிது. நான் எழும்பப் பார்த்தேன். முழங்கால் உடனே நிமிரவில்லை, மனைவி கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்கோ. சனத்துக்கு முன்னாலை வேண்டாம்."

வெளியே சனம் கலைந்த பிறகு, வடைப் பெட்டி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தேன்.

"பிள்ளை, மரபு எண்டால் ஆர்?"

"எல்லாரும் தான், மாமா. எல்லாருமாச் சேர்ந்து சொல்லுறது. எவ்வளவு வடிவான விஷயம் தெரியுமோ?"

"எல்லாரும் சொன்னவை. முதல் சொன்னது ஒராள்."

அவள் என்னை விளங்கிக்கொண்டாள், முகத்தில் தெரிந்தது. "மாமா, கோவிக்காதையுங்கோ. படத்திலை இல்லாத வசனத்துக்கு நான் எப்பிடி ஒரு பேரைப் போடுறது? அந்த டைரக்டர் வேணுமெண்டு பேசாமல் விட்ட இடம். அதிலை ஒராளின்ரை பேரைப் போட்டால் அவரைத் திருத்தின மாதிரிப் போயிடும். மரபு எண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"ஆளில்லாட்டித்தான் கேக்கமாட்டினம்."

"நீங்கள் எவ்வளவோ செய்தனீங்கள். ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரியும் என்பதை நான் கடையிலும் கேட்டேன், பள்ளிக்கூடத்திலும் கேட்டேன், கோயிலிலும் கேட்டேன். ஊர் வயதுபோய்ச் செத்துக்கொண்டு வருகிறது. போன குளிருக்கு மட்டும் எங்கள் மூன்று வரிசையில் எத்தனை கதிரை வெறுமையாகிவிட்டது என்று எனக்குத் தெரியும், நான்தான் கதிரை அடுக்குகிறேன். கடைசி ஆளும் போன பிறகு தாள்தான் இருக்கும். தாளில் மரபு என்று இருக்கும்.

இப்போது அதே நிகழ்ச்சி பிராங்பேர்ட்டுக்குப் போகப்போகிறது. அங்கே பெரிய மண்டபம், கம்பியூட்டர் கொம்பனிகளில் வேலை செய்கிற இந்தியத் தமிழரும் வருவார்களாம். எங்கள் ஆட்களில் பயணம் செய்யக்கூடியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வரியைச் சொல்ல வைப்பதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி ஆகிவிட்டது. தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, முன்படி மட்டும் அனுப்பியிருந்தாள். 'நிறைவு வரி: ஜெர்மனித் தமிழ் முதியோரின் வாய்மொழி மரபு.'

தபாற்கந்தோர் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீர் சொன்னதுதான். எனக்குத் தெரியும், நான் முன்னுக்கு இருந்தனான்."

"அதை எழுதித் தருவியளோ, அண்ணை?"

அவர் கன நேரம் இருமினார். "என்ரை பிள்ளையெல்லோ. பாப்பம்." பிறகு, வைக்கும் முன் தன்னை அறியாமல், "சரி, விளக்கை நூப்பம்" என்றார்.

நான் களைத்துப்போனேன். இதை எழுதவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது, நாலு வரிக்கு ஒரு தடவை கண் எரிகிறது. எழுதுவதைப் பார்த்து மனைவி தேத்தண்ணியோடு வந்தாள்.

"பேர் போட்டால் என்ன, முழங்கால் சுகமாகுமோ?"

"ஆகாது."

"பிறகென்ன?"

"பேர் இருக்கும்."

அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "அப்ப எனக்கும் போடச் சொல்லுங்கோ. முதல் சொன்னது நான்."

அவளோடு சண்டை பிடிக்கப் பெலன் இல்லை என்று முன்னரே எழுதிவிட்டேன், இருப்பது ஒரு சண்டைக்கு மட்டும். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, இந்தக் கடைசிப் பந்தியை எழுதுகிறேன்.

பிள்ளைக்கும், பிராங்பேர்ட்டில் தாள் அச்சடிப்பவர்களுக்கும் நான் கேட்பது இதுதான். ஜப்பான்காரரின் பெயர் மேலேயே இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் வேண்டாம், அவரைத் திருத்த நான் ஆளில்லை. அவர் பேசாமல் விட்டதால்தான் எனக்குப் பேச இடம் கிடைத்தது. தமிழாக்கம் உன்னுடையது, அதில் ஒரு சொல்லும் நான் கேட்கவில்லை. கீழே, மரபு என்று போட்டிருக்கிற இடத்தில், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும். முழுப் பெயர், என் தகப்பனின் பெயரோடு சேர்த்து. பஸ் வழி போடுகிற சின்ன எழுத்தில் அல்ல. பக்கத்தில் என் மனைவியின் பெயரையும் போட வேண்டும். அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு படி அனுப்பிக் காட்டவும் வேண்டும். அது வந்து, நான் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் எங்கள் மூன்று வரிசையும் பஸ் ஏறும்.